டிஷ்ஷை இறக்கிவிட்டுக் கேபிளுக்குப் போகலாமா?

கூரை ஒழுகினாலும் அதன்மேல் ஒரு டிஷ் இருக்கும் என்று வெளியார் சிலர் நம்மவர்களைக் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலி நமக்கு உடன்பாடானதல்ல. காணியை விட்டு வந்தவனுக்கு மாலையில் தண்ணீர் கட்ட வயலும் இல்லை, பட்டிக்கு ஓட்ட மாடும் இல்லை. பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பது ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எனினும் மாதாமாதம் அதற்காகக் கையை விட்டுப் போகும் காசு விதைநெல்லுக்கும் பாடசாலைக் கொப்பிக்கும் உரிய காசுதான். ஆகவே சாம்பல்தீவுப் பக்கத்தில் தங்கியிருக்கும் குடும்பங்கள் டிஷ்ஷை விட்டுக் கேபிளுக்கு மாறுவதா என்று யோசிக்கும்போது, இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது.

செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகிறது. அதனால் நமக்கு அது வானத்தில் ஓரிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். டிஷ்ஷையும் ஒரே முகமாகப் பூட்டிவைக்க முடிகிறது. சன் டைரக்ட் பெட்டிகளுக்குரிய இந்தியச் செய்மதி 93.5 பாகை கிழக்கில் உள்ளது. திருகோணமலையிலிருந்து பார்த்தால் அது உச்சிக்குச் சற்றுக் கீழே, தென்கிழக்குப் பக்கமாக இருக்கும். அந்தப் பக்கத்தில் வேம்போ தென்னையோ வளர்ந்து மறைத்தால் படம் போய்விடும். திருத்துநரைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க முன்னர் மரக்கொப்பைப் பாருங்கள்.

கேபிள்காரரும் செய்மதியிலிருந்துதான் எடுக்கிறார். அவர் தமது நிலையத்தில் பெரிய டிஷ்களை வைத்து, வரும் அலைவரிசைகளை ஒன்றுசேர்த்து, கம்பி வழியாக வீடு வீடாக அனுப்புகிறார். இந்த முறை 1948 அளவில் அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒரிகன் மாநிலங்களில், சாதாரண அன்ரனாவுக்குப் படம் எட்டாத ஊர்களில் தொடங்கியது. உயரத்தில் ஓர் அன்ரனாவை நட்டு ஊருக்கே பகிர்ந்துகொண்டார்கள். ஊர்க்கிணறு போன்ற ஏற்பாடு அது. நமது நாட்டில் டயலொக் 2007 முதல் செய்மதி வழியாகவும், ரெலிகொம்மின் பியோ ரி.வி. 2008 முதல் தொலைபேசிக் கம்பி வழியாகவும் கட்டணத் தொலைக்காட்சி தருகின்றன. பியோ ரி.வி. இப்போது கண்ணாடி இழைக் கம்பியிலும் வருகிறது. வடக்குக் கிழக்கில் தனியார் கேபிள் இணைப்புகளும் உண்டு. உங்கள் ஒழுங்கைவரை எது வந்திருக்கிறது என்பதைக் கேட்டறிந்த பின்னர்தான் மற்றதெல்லாம்.

மாரி மழைக்குப் படம் அறுந்துபோவதுதான் டிஷ்ஷின் பெரிய குறை. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவுதான். மழைத்துளிகள் அதனை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். கேபிள் நிலையங்கள் பெரும்பாலும் அதைவிட நீண்ட, ஏழு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட அலையைப் பெரிய டிஷ்களில் பிடிக்கின்றன. அதற்கு மழை அவ்வளவு தடையல்ல. ஒக்ரோபரிலிருந்து ஜனவரிவரை வடகீழ்ப் பருவமழை கொட்டும் நமது கரையில் இது சிறிய நன்மை அன்று. மார்ச் நடுப்பகுதியிலும் செப்ரெம்பர் பிற்பகுதியிலும் சில நாட்கள் பகலில் சில நிமிடம் படம் கலங்குவது வேறு காரணத்தால். அப்போது சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்துவிடுகிறது. அது டிஷ்ஷுக்கும் உண்டு, கேபிள் நிலையத்துக்கும் உண்டு. எவரையும் ஏச வேண்டியதில்லை.

மின்சாரம் போனால் கணக்கு மாறுகிறது. கேபிள் கம்பியில் செல்லும் சமிக்ஞை தூரம் போகப்போக மெலியும். அதனால் இடையிடையே கம்பங்களில் அதனைப் பெருக்கும் கருவிகளைப் பூட்டுவார்கள். வீதியில் மின்சாரம் இல்லாவிட்டால் அவையும் நின்றுவிடும். உங்கள் வீட்டில் பற்றரியோ சூரியத் தகடோ இருந்தும் பயனில்லை. டிஷ் அப்படியல்ல, உங்கள் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் மின்சாரம் இருந்தாலே போதும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கண்ணாடி இழைக் கம்பிக்கு வீதியில் பெருக்கி தேவைப்படுவதில்லை. ஆனால் வீட்டிலுள்ள சிறு பெட்டிக்கும் தொலைபேசி நிலையத்துக்கும் மின்சாரம் வேண்டும்.

காசு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது வீடுகளில் உள்ள பெட்டிகளில் பல இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவை இங்கே விற்பதற்கு உரிமம் பெற்றவையல்ல. பழுதானால் முறையிட இடமில்லை. பெட்டி அங்குள்ள ஒருவரின் பெயரில் பதிந்திருக்கும். கட்டணமும் இந்திய ரூபாவில். 2022 தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாவுக்கு ஏறத்தாழ 2 ரூபா 70 சதம் கொடுத்தோம். அவ்வாண்டு நடுப்பகுதியில் அது நாலரை ரூபாவைத் தாண்டியது. சென்னையில் கட்டணம் ஒரு சதமும் ஏறாமலே இங்கே நமது செலவு ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிட்டது. இடையில் நிற்கும் முகவரின் கூலி வேறு. உள்ளூர்க் கேபிளின் கட்டணமும் ஏறத்தான் செய்யும், ஆனால் பில் நமது காசில் வரும், கேட்க ஒரு முகம் இருக்கும்.

தமிழ்நாட்டில் கேபிள் ஒரு சில கைகளுக்குள் போனபோது அரசே தலையிட்டது. 2007 இல் அரசு கேபிள் நிறுவனம் அமைக்கப்பட்டு, 2011 செப்ரெம்பரில் மாதம் 70 ரூபாவுக்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது. நமக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆகவே ஒரே ஒழுங்கையில் பத்து வீடுகள் சேர்ந்து போய்க் கேட்பதே நமக்குள்ள பலம். தனித்தனியே போனால் இணைப்புக் கூலியில் ஒரு ரூபாவும் குறையாது.

சாம்பல்தீவு கடலோரக் கிராமம். 2004 டிசெம்பர் 26 இல் இந்தக் கரைக்கு என்ன நடந்தது என்பதை நாம் எழுதத் தேவையில்லை. 2020 டிசெம்பர் 2 ஆந் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. இந்தியப் பெட்டியில் இலங்கை அலைவரிசைகள் வருவதில்லை. சென்னையில் மழை பெய்யுமா என்று சொல்வார்கள். நிலாவெளி வீதியில் இருப்பவர்கள் எந்தப் பாடசாலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். நம்மைப் பொறுத்தவரை மாறுவதற்குரிய முதற் காரணம் இதுவே. கேபிளில் 1998 இல் தொடங்கிய சக்தி, 2009 இல் தொடங்கிய வசந்தம் ஆகியன கிடைக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு சாதாரண அன்ரனாவைத் தடியில் கட்டுங்கள், அதற்கு மாதக் கட்டணம் இல்லை. புயல் இரவில் மின்சாரம் போன பிறகு பற்றரி வானொலிதான் துணை. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் சுவரில் எழுதி வையுங்கள்.

இடம்பெயர்ந்தோருக்கு இன்னொரு யோசனையும் வேண்டும். டிஷ்ஷைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம். கேபிள் கம்பத்தோடு நின்றுவிடும், கட்டிய முற்பணமும் பெரும்பாலும் திரும்பி வராது. ஊர் திரும்பும் நாள் கிட்டியிருந்தால் இப்போது கேபிளுக்குக் காசு போட வேண்டாம். ஆனால் 'தற்காலிகம்' என்ற சொல்லையும் முழுதாக நம்ப முடியாது. 2006 ஏப்ரலில் சம்பூரை விட்டு ஓடியவர்களுக்கு 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான் காணி திரும்பக் கிடைத்தது. இரவல் வளவில் இருப்பவர்கள், சுவரில் ஆணி அடிக்கவும் வேலியால் கம்பி இழுக்கவும் காணிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிறிய விடயம்தான், பெரிய மனத்தாங்கல்கள் இதில்தான் தொடங்குகின்றன.

மாறுவதென்று முடிவெடுத்தால் டிஷ்ஷை உடனே பழைய இரும்புக்குப் போடாதீர்கள். மாதக் கட்டணம் இல்லாத இந்திய அரசின் டி.டி. ஃபிரீ டிஷ் சேவையும் அதே 93.5 பாகைச் செய்மதியில்தான் உள்ளது. 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் என்று பெயர் மாறிய பொதிகை அதில் உண்டு. அதற்கென ஒரு பெட்டி வாங்கினால் போதும். காற்றுக் காலத்தில் மட்டும் கூரையிலிருந்து இறக்கி வையுங்கள். பறக்கும் டிஷ் பக்கத்து வீட்டுக் கிடுகைக் கிழிக்கும்.

பழைய வயரைக் கேபிளுக்குப் பாவிக்கலாம், ஆனால் முனையை வெட்டிப் பாருங்கள். உப்புக் காற்றுப் பட்டு நடுக்கம்பி பச்சை பிடித்திருந்தால் அந்தத் துண்டைக் கழியுங்கள். செய்மதிப் பெட்டி, வயர் வழியாக டிஷ்ஷின் முன்னுள்ள கண்ணுக்கு 13 அல்லது 18 வோல்ற் மின் அனுப்புவது. ஆகவே கேபிள் வயரை அந்தப் பெட்டியில் செருக வேண்டாம். கேபிளுக்கு வேறு பெட்டி தருவார்கள். வயரை மின்கம்பியோடு சேர்த்துக் கட்ட விடாதீர்கள். வீட்டுக்குள் நுழையுமிடத்தில் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிட்டு மேலே எடுத்தால் மழைத்தண்ணீர் அதிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் வராது. இடி மின்னல் வேளையில் வயரையும் பிளக்கையும் சேர்த்துக் கழற்றி வைக்கவும்.