எடைக்குப் போடுமுன் ஒரு நிமிஷம்!

போகி வந்தால் பரணை ஒழிப்பது நம் வழக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் அப்போது கம்பியில் குத்தி வைத்த கடிதக் கட்டு ஒன்று கீழே இறங்கும். "குப்பைதானே, எடைக்குப் போட்டுடு" என்று சொல்லிவிடாதீர்கள். அதிலுள்ள ஸ்டாம்புகளை ஒரு தடவை பாருங்கள். பொன்னி எது, கிச்சிலிச் சம்பா எது என்று அரிசியைப் பார்த்தே சொல்கிற நமக்கு, ஸ்டாம்பில் ரகம் பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை!

முதலில் எழுத்தைப் பாருங்கள். அணா, பை என்று இருந்தால் அது 1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் வெளியானது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 'நயா' போய்விட்டதா? அதற்கும் பிந்தியது.

அடுத்து படம். 1949 ஆகஸ்ட் 15-ல் சிற்பங்களும் கோயில்களும் கொண்ட 16 ஸ்டாம்புகள் வெளிவந்தன. இரண்டணாவில் நம் நடராஜர். ஓரணாவில் போதிசத்துவர். அந்த ஓரணாப் படம் இடவலம் மாறி அச்சாகிவிட, 1950-ல் திருத்தி வெளியிட்டார்கள். இரண்டும் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் நீட்டிய கை எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்.

மூன்றாவது காகிதம். 1957-ல் வந்த இந்திய வரைபட ஸ்டாம்பில் நட்சத்திர நீர்க்குறி. 1958 முதல் அதே படத்தில் அசோகச் சிங்க நீர்க்குறி. உதிரி ஸ்டாம்பைக் கறுப்புத் துணிமேல் குப்புற வைத்தாலோ, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலோ பெரும்பாலும் தெரியும்.

மேலே அச்சடித்த எழுத்தையும் விடாதீர்கள். 1971 நவம்பரில், கிழக்கு வங்காள அகதிகளுக்காகக் கடிதங்களில் 5 பைசா ஸ்டாம்பு கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்தது. குடும்பக் கட்டுப்பாடு ஸ்டாம்பின் மேல் அகதி நிவாரணம் என்று அச்சிட்டார்கள். அவசரத்தில் சில ஊர்களில் உள்ளூரிலேயே அச்சுக் குத்தியதால் எழுத்து ஊருக்கு ஊர் மாறும்.

காரைக்காலில் சொந்தக்காரர்கள் இருந்தார்களா? 1954 நவம்பர் 1 வரை அங்கே பிரெஞ்சிந்திய ஸ்டாம்புதான். அதிலுள்ள 'ஃபனோன்' நம் பணம். 'காஷ்' நம் காசு. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய்!

சரி, லட்சம் கிடைக்குமா? ஆசைப்பட வேண்டாம். வீடுகளில் கிடைக்கிறவை பெரும்பாலும் ஏராளமாக அச்சானவை, விலை சொற்பம்தான். ஆனாலும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். உறையோடு, முத்திரையோடு இருப்பதற்குத்தான் மதிப்பு. எந்த ஊர்த் தபாலாபீஸ், எந்தத் தேதி என்பதை அந்த முத்திரைதான் சொல்லும். ஈரக் கையால் தொடாதீர்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். கம்பியை மெதுவாக உருவி, கடிதங்களைப் பழுப்பேறாத வெள்ளைத் தாளில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. யார் யாருக்கு எழுதிய கடிதம் என்று மாமியாரிடமோ பாட்டியிடமோ கேட்டு, தனிச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். ஸ்டாம்பின் ரகத்தை எந்தப் புத்தகத்திலும் தேடிக்கொள்ளலாம். 'சௌபாக்கியவதி அலமேலுவுக்கு' என்று எழுதியிருக்கிற அந்த அலமேலு யார் என்பதை அவர்களைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்?