பதிவேட்டில் தலைப்பில்லாத ஊர்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கம்பெனி மதில்தான். அந்த மதில்களுக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டி ஐம்பது வீடு நிற்கிறதே, அதற்கெல்லாம் வரலாறு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஆனால் அந்த ஊரின் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

அரசுக்கு ஊர் என்றால் இரண்டு கணக்கு. நிலத்துக்கு வருவாய் கிராமம்: கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வைத்திருக்கும் அ-பதிவேடு, புல எண், பட்டா எல்லாம் அதன் பெயரில்தான். நிர்வாகத்துக்கு ஊராட்சி: தலைவர், வீட்டு வரி, கிராம சபை. நீங்கள் கேட்டது போன்ற குக்கிராமம் இரண்டுக்குள்ளும் அடங்கிக் கிடக்கும், தலைப்பாக வராது. தமிழ்நாட்டில் ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500. அவற்றுக்குள் இருக்கும் குக்கிராமங்களோ ஏறத்தாழ 79,000.

இவை நேற்று முளைத்தவை அல்ல. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகளே கிடைத்தன. எழுத்தில் வருவது பிறகுதான். 1763இல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். வரி எவ்வளவு தேறும் என்று பார்க்க தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு மானியம் என்ற விவரமெல்லாம் அவர் எடுத்த கணக்கில் உண்டு.

அந்தக் கணக்கில் நிலம் இல்லாதவர்களுக்கு வீடு இருந்தது, மனை இருக்கவில்லை. சேரி நின்ற இடம் மிராசுதாரர் பிடியில். அவர் போ என்றால் போக வேண்டும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் இதைத்தான் விரிவாக எழுதி அனுப்பினார். மறு ஆண்டே ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் தொடக்கம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம்தான். என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்துக் குக்கிராமங்கள் பலவற்றின் வரலாற்றை இந்த இடத்திலிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும்.

ஊர்க் கணக்கும் வரியும் பார்த்த பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிந்தன. அவர்கள் மனசில் இருந்த எல்லைக் கணக்கும் அவர்களோடு போய்விட்டது.

அப்புறம் காரும் செல்போனும் வந்தன. 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா (2014இல் மூடிவிட்டார்கள்), 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது ஊரைப் பார்த்து எடுப்பதில்லை, புல எண்ணைப் பார்த்து எடுக்கிறார்கள். நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், உள்ள வீடுகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதனால் ஊர் தப்பியதுபோலத் தெரியும். ஆனால் கழனி போய்விடும், மேய்க்கால் புறம்போக்கு போய்விடும். ஏரி இருக்கும், அது பாய்ச்ச ஆயக்கட்டு இருக்காது. பட்டாதாரருக்கு இழப்பீடு வந்தது. அதே கழனியில் தலைமுறையாக நடவு நட்டவருக்கும், புறம்போக்கில் மாடு மேய்த்தவருக்கும் காட்டக் காகிதம் இல்லை. இது பெரிய அநியாயம். மாடு கட்டிய இடத்தில் இப்போது வரிசையாக ரூம் கட்டி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஊரின் அடுத்த அத்தியாயம் அந்த ரூம்களில் நடக்கிறது.

எழுத நினைத்தால் முதலில் உங்கள் நத்தத்தின் புல எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து வி.ஏ.ஓ.விடம் அ-பதிவேட்டின் நகலும் புலப்படமும் பாருங்கள். பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் போக வேண்டும். எந்த நிலம் யாரிடமிருந்து எந்த வருஷம் போனது என்று வயதானவர்களிடம் கேட்டு, புல எண்ணோடு சேர்த்து எழுதி வையுங்கள். மேய்க்கால் எங்கே இருந்தது, மதகு எந்தப் பக்கம் என்பதையும் விடாதீர்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைப் படித்து, உங்கள் குக்கிராமத்தின் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.