ஆணியில் தொடங்கி மலையடி வரை

முள்ளிக்குளம் தாய்மாருடனான சந்திப்பு முடியும் நேரம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் ஒருத்தி ஓர் இரும்பாணியில் செப்புக் கம்பியைச் சுற்றி, முனைகளை ரோச் பற்றரியில் தொட்டாள். ஆணி குண்டூசிகளை இழுத்தது. கம்பியை எடுத்ததும் ஊசிகள் விழுந்தன. "இதைப் படிச்சு எங்களுக்கு என்ன மிஸ் பலன்?" என்று ஒரு தாய் கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

அந்த ஆணிதான் மின்காந்தம். மின் ஓடும்போது அது பலங்கொள்ளும். சுற்றுக்களையும் மின்னோட்டத்தையும் கூட்டினால் பலமும் கூடும். இதே விதியை வைத்து, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் 50,000 தொன் இரும்பாலான மின்காந்தம் ஒன்றை விஞ்ஞானிகள் வடிவமைத்தார்கள். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிட்ட நியூத்திரினோ ஆய்வுக்கூடத்துக்கு உரியது அது.

நியூத்திரினோ ஏற்றமில்லாத, மிகச் சிறிய துணிக்கை. இதை நீங்கள் வாசிக்கும்போதே கோடிக்கணக்கானவை உங்கள் உடலூடாகத் தீங்கின்றிக் கடந்து போகின்றன. மிக அரிதாக ஒன்று இரும்பில் மோதும்போது மியோன் என்ற ஏற்றமுள்ள துணிக்கை பிறக்கும். காந்தம் நேரேற்ற மியோனை ஒரு பக்கமும் மறையேற்ற மியோனை மறுபக்கமும் வளைக்கும். அந்த வளைவைக் கொண்டே வந்தது நியூத்திரினோவா, எதிர் நியூத்திரினோவா என்று அறியலாம்.

இதற்காக 56 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடுகளை 151 அடுக்குகளாக வைக்கத் திட்டமிட்டார்கள். அடுக்குகளுக்கிடையே 40 மில்லிமீற்றர் இடைவெளி. அதில் உணரும் கருவிகள் இருக்கும். ஒரே அடுக்கில் தகடும் தகடும் சேருமிடத்தில் இடைவெளி கூடினால் காந்தப்புலம் குறையும். செப்புச் சுருள் சூடேறும். அதைக் குளிர்விக்க வேண்டும். இவற்றைப் பரீட்சிக்க 11 அடுக்கும் 85 தொன் எடையும் கொண்ட சிறிய மாதிரி ஒன்று மதுரையில் 2018 இல் இயங்கத் தொடங்கியது.

இது ஆண்களின் துறை மட்டுமல்ல. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் டி. இந்துமதி இத்திட்டத்தில் பணியாற்றியவர். அவருக்கு முன்னரே, 1913 இல் பிறந்த பிபா சவுத்ரி இந்தியாவில் துணிக்கைப் பௌதிகத்தில் ஈடுபட்டார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்திய மத்திய அரசு 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாவுக்கு இத்திட்டத்தை அங்கீகரித்தது. ஆனால் மலையடிக் கிராம மக்கள் தண்ணீருக்கும் காட்டுக்கும் மேய்ச்சலுக்கும் என்னவாகும் என்று கேட்டார்கள். விடயம் நீதிமன்றம் சென்றது. 2022 இல் தமிழ்நாட்டு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது.

இதைச் சொன்னபோது தாய்மார் மௌனமானார்கள். 2007 செப்டெம்பரில் ஊரைவிட்டுப் போகச் சொல்லப்பட்டவர்கள் அவர்கள். ஒரு துண்டுக் காணி கைவிட்டுப் போவதன் வலியை யாரும் அவர்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. பிறகு கேள்வி கேட்ட அந்தத் தாயே சொன்னார்: "அப்ப படிச்ச பிள்ளை எங்கட பக்கத்திலயும் ஒண்டு இருக்க வேணும். அவையள் சொல்லுறது சரியோ பிழையோ எண்டு கேக்க."

சகோதரிகளே, பலன் அதுதான். காந்தத்தை வடிவமைக்கவும் படிப்பு வேண்டும். அது எங்கே, யாருடைய சம்மதத்துடன் வைக்கப்படும் என்று கேட்கவும் படிப்பு வேண்டும். வறுமையைக் காரணம் காட்டி மகளின் படிப்பைச் சாதாரண தரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அவள் ஆணியில் கம்பி சுற்றட்டும்.