துயருற்ற நெஞ்சுக்குத் தல்பீனா



 

கவலை நெஞ்சினுள் புகுந்தால் முதலில் கசப்பது சோறுதான். ஒருவர் உண்ணாமலே கிடப்பார். இன்னொருவர் நேரகாலமின்றி இனிப்பும் பொரித்த பண்டமுமாக உண்பார். இரண்டுமே உடலைத் தளர்த்தும். தளர்ந்த உடலில் கவலை இரட்டிப்பாகும்.

அல்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தைச் சிந்தித்துப் பாருங்கள். பிரசவ வேதனையில், ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சி, இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிய மர்யம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ்விடமிருந்து கிடைத்த ஆறுதல் எது? கவலைப்பட வேண்டாம் என்ற சொல்லோடு, காலடியில் ஓடும் நீரும் பேரீத்த மரத்திலிருந்து உதிரும் கனிகளும் காட்டப்பட்டன. உண்ணுமாறும் பருகுமாறும் கட்டளையிடப்பட்டது. துயரத்தின் உச்சத்தில் இருந்த ஒருவருக்கு உணவு ஆறுதலின் ஒரு பகுதியாகவே அருளப்பட்டது.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் வழக்கமும் இதுவே. குடும்பத்தில் எவரேனும் மரணித்து, கூடியிருந்த பெண்கள் கலைந்து சென்று, வீட்டாரும் நெருங்கியோரும் மட்டும் எஞ்சியிருக்கும்போது, ஒரு பானையில் தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் ஊறவைத்த தரீதின் மேல் அதனை ஊற்றி உண்ணச் செய்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துக் கவலையில் ஒரு பங்கைப் போக்கும் என நபி (ஸல்) அவர்களிடம் தாம் செவியுற்றதாகவும் கூறுவார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இது பதிவாகியுள்ளது. கவனியுங்கள், கவலை முழுவதும் போகும் என்று சொல்லப்படவில்லை. ஒரு பங்கு என்றே சொல்லப்பட்டது. இதை மறந்து தல்பீனாவைச் சர்வரோக நிவாரணியாக விளம்பரப்படுத்தி விற்போரும் உள்ளனர்!

தல்பீனா என்பது வாற்கோதுமை மாவுக் கஞ்சி. பாலைப் போன்று வெண்மையாகவும் இளக்கமாகவும் இருப்பதால், பாலைக் குறிக்கும் 'லபன்' என்ற சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. நம் கடைகளில் பார்லி என்று கேட்டால் கிடைக்கும். அதனை இளவறுப்பாக வறுத்து அரைத்து, இரண்டு மேசைக்கரண்டி மாவை ஒரு பெரிய கோப்பை நீரில் கட்டியின்றிக் கரைத்து, இளஞ்சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் துழாவிக் காய்ச்சி, இறக்கும் தறுவாயில் பால் சேருங்கள். இனிப்புக்குச் சிறிது தேன் போதும். நீரிழிவு உள்ளோர் அதையும் தவிர்க்கலாம். பார்லியிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் நார்ப்பொருள் குடலில் கூழாகி, சீனிச்சத்து இரத்தத்தில் மெல்ல மெல்லச் சேர வழிசெய்கிறது. வெறும் வயிற்றில் சீனித் தேநீரும் பணிஸும் உண்பவருக்கு இரத்தச் சீனி விரைந்து ஏறி விரைந்து இறங்கும். சோர்வும் எரிச்சலும் அதனோடு வரக்கூடும்.

பார்லி கிடைக்காவிடின் வருந்த வேண்டியதில்லை. தவிடு நீக்காத சிவப்பரிசியும் குரக்கனும் இதே வகையில் பயன் தருவன. இலைக்கஞ்சி, முருங்கையிலை, வல்லாரை, எருமைத் தயிர் யாவும் நம் பிரதேசத்தின் செல்வங்கள். மலிவாகக் கிடைக்கும் சாளை மீனிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு மூளைக் கலங்களின் சவ்வுகளை ஆக்கும் பொருட்களுள் ஒன்றாகும். அதனைப் பொரிப்பதைவிடக் குழம்பாக்குவதே நன்று.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இரவு பத்து மணிக்கு அன்போடு ஊற்றிக் கொடுக்கும் பிளேன்டீயிலுள்ள கஃபீனில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் தங்கியிருக்கும். தூக்கம் கெட்டால் படித்தது மனத்தில் நில்லாது. ஸுபஹுத் தொழுகையும் தவறக்கூடும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது குறைகிறது. பருவமடைந்த பெண்பிள்ளை எந்நேரமும் சோர்ந்து கிடந்தால் சோம்பேறி என்று ஏசுமுன், அவளது இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள்.

மய்யித்து வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூத்தா யுத்தத்தில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவரது குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துயரம் அவர்களை அடுப்பை மறக்கச் செய்திருந்தது. நம்மில் சில வீடுகளிலோ இது தலைகீழாகி, கணவனை இழந்தவளின் வீட்டார் வந்தவர்களுக்காகச் சட்டியோடு மல்லுக்கட்டுகின்றனர். அவள் உண்டாளா என்று கேட்பார் இல்லை. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டதையும் 2004 டிசம்பர் 26 இன் சுனாமியையும் கண்ட பிரதேசம் இது. அயலாரின் ஒரு பானைக் கஞ்சி என்ன செய்யும் என்பதை நம் மூத்தோர் அறிவார்கள்.

உணவால் தீராத கவலையும் உண்டு. இரு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, அழுகை ஆகியன தொடர்ந்தால் அதனை ஈமானின் குறைவு என்று முத்திரை குத்தாதீர்கள். ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தியும் விடாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு கூறியவர்கள் நபி (ஸல்) அவர்களே. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி எவரேனும் வாய்திறந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் வீட்டில் எழுதி வையுங்கள்.