கணிப்பொறி தாமதித்துத் தொடங்கினால்: சங்கக் கணக்குகளைக் காக்கும் முறை

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கேயாகும். நெசவாளருக்கு அளித்த நூல் எவ்வளவு, அவர் நெய்து ஒப்படைத்த துணி எவ்வளவு, அவருக்குச் சேர வேண்டிய கூலி எவ்வளவு, சிக்கன நிதியில் அவர் பெயரில் நிற்கும் தொகை எவ்வளவு என்பனவும், விவசாயி பெற்ற பயிர்க்கடனும் அவர் செலுத்திய தவணைகளும் ஒரு காலத்தில் தடித்த பேரேடுகளில் மையால் எழுதி வைக்கப்பெற்றன. இன்று அவற்றுட் பெரும்பகுதி கணிப்பொறியில் ஏறிவிட்டது. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கென 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. கடன் கணக்குகள் தொலைவிலுள்ள பொதுச் சேமிப்பில் வைக்கப்பெறும் சங்கங்களிலுங்கூட, கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், அங்கத்தினர் விண்ணப்பங்கள், கடிதப் போக்குவரத்து முதலியன அலுவலக மேஜைமீதுள்ள பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

பேரேட்டைக் கரையான் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். கணிப்பொறிக்குள் நிகழும் அரிப்போ வெளியே தெரிவதில்லை. எனினும் அது பல சமயங்களில் ஓர் அடையாளம் காட்டுகிறது. காலையில் பொத்தானை அழுத்தியபின் இரண்டு நிமிடத்தில் திறந்த பெட்டி, பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது இதுபற்றி நாம் வினவினால், "பழைய பெட்டி, அப்படித்தான் வரும்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இவ்விடை எல்லாச் சமயத்திலும் சரியன்று. அத்தாமதம் எதனால் உண்டாகிறது, அதைக் கண்டவுடன் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுவோம்.

வன்தட்டின் அமைப்பு

கணிப்பொறியில் நாம் எழுதும் யாவும் தங்கியிருக்கும் இடம் வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க் ஆகும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் யந்திரத்தில்தான் இவ்வகைத் தட்டு முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. அவையனைத்தும் சேர்ந்து தாங்கியது சுமார் 50 லட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதைப்போல் பல லட்சம் மடங்கு செய்தியைத் தாங்குகிறது. ஆயினும் தத்துவம் மாறவில்லை.

காந்தப் பூச்சுள்ள வழவழப்பான தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன்மேல் மெல்லிய கை ஒன்றின் நுனியில் அமைந்த தலைப்பகுதி அங்குமிங்கும் நகர்ந்து, காந்தக் குறிகளைப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. தலைப்பகுதி தட்டைத் தொடுவதில்லை. இரண்டுக்குமுள்ள இடைவெளி மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி கீழே விழுவதும், மின்சாரம் அடிக்கடி சட்டென்று நின்றுபோவதும், ஓயாத வெப்பமும், ஆண்டுக்கணக்கான தேய்மானமும் இத்தகைய நுண்ணிய அமைப்புக்குக் கேடு விளைப்பனவாம்.

தாமதம் உண்டாவது ஏன்?

தட்டின் பரப்புச் சிறுசிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டம் பழுதுற்றால் தட்டு உடனே கைவிரித்துவிடுவதில்லை. மங்கிய எழுத்தைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கும் குமாஸ்தாவைப்போல, அக்கட்டத்தை மீண்டும் மீண்டும் படிக்க முயல்கிறது. நல்ல கட்டத்தைப் படிக்க ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு போதும். பழுதுற்ற கட்டம் ஒன்றுக்கே பல வினாடிகள் கழிந்துவிடும். அதுவரை மற்ற வேலைகள் யாவும் காத்து நிற்கும். கணிப்பொறி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தட்டிலிருந்து எடுத்தாக வேண்டும். அவற்றுள் சில பழுதுற்ற இடத்தில் இருப்பின், இரண்டு நிமிட வேலை இருபது நிமிடமாவதில் வியப்பில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எப்படியோ முயன்று படித்துவிட்டால், தட்டு அச்செய்தியை உதிரியாக ஒதுக்கிவைத்த நல்ல கட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும்; பெட்டியும் திறந்துவிடும். "திறந்துவிட்டதே, இனிக் கவலை இல்லை" என்று நாமும் வேலையில் இறங்கிவிடுகிறோம். ஆனால் உதிரிக் கட்டங்கள் அளவுக்கு உட்பட்டவை. அன்றியும், தொடங்கும்போது படிக்கப்படுவது தட்டின் ஒரு பகுதியே. நாம் நெடுநாள் திறந்து பாராத சென்ற ஆண்டுக் கணக்கு இருக்கும் பகுதி எந்நிலையில் உள்ளது என்பது, தணிக்கைக்காக அதைத் திறக்கும் நாளில்தான் தெரிய வரும்.

எல்லாத் தாமதமும் தட்டின் குற்றமன்று

தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. பெட்டி தொடங்கும்போதே பல மென்பொருள்கள் தாமாக ஓடத் தொடங்குதல், நினைவகம் போதாமை, விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருத்தல், தூசி அடைத்து விசிறி சரிவரச் சுழலாமை, வைரஸ் ஆகியவை அவற்றுட் சில. இவற்றைப் பிரித்தறியச் சில எளிய குறிப்புகள் தருகிறோம்.

மாதங்கள் ஆண்டுகளாக மெல்ல மெல்ல வளர்ந்த தாமதம் பெரும்பாலும் மென்பொருட் சுமையால் ஆனது. சென்ற வாரம் வரை நன்றாக இருந்து திடீரெனத் தோன்றிய தாமதமாயின் தட்டை ஐயுற வேண்டும். ஒரு குறிப்பிட்ட கோப்பைத் திறக்கும்போது மட்டும் பெட்டி உறைந்து நின்று, சற்று நேரத்தில் மீள்வதும் அத்தகையதே. பெட்டி திறந்தபின் டாஸ்க் மானேஜரில் தட்டின் பக்கத்தைப் பார்க்கலாம். தட்டு நூற்றுக்கு நூறு வேலையாக இருப்பதாகக் காட்டி, பரிமாறும் செய்தியின் அளவோ மிகச் சொற்பமாக இருந்து, பதிலளிக்கும் நேரம் ஆயிரக்கணக்கான மில்லி வினாடிகளாகத் தொடர்ந்து நிற்குமாயின், குமாஸ்தா மங்கிய எழுத்தோடு மல்லாடுகிறார் என்றே பொருள். ஈவென்ட் வியூவர் என்னும் நிகழ்ச்சிப் பதிவேட்டில், டிஸ்க் என்ற தலைப்பில் 7 அல்லது 153 என்னும் எண்ணுள்ள எச்சரிக்கைகள் அடுக்கடுக்காக இருப்பின் ஐயம் மேலும் வலுப்பெறும்.

தறியின் ஓசையைக் கொண்டே அதன் கோளாற்றை அறியும் நெசவாளருக்கு ஓசைபற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஒழுங்கான இடைவெளியில் ஓசை எழுமாயின், தலைப்பகுதி தன் இடத்தைக் காணாது தவிக்கிறது என்க. அந்நிலையில் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தால் எஞ்சிய செய்தியும் சுரண்டப்பட்டுவிடும்.

முதற் செயல்: பிரதி எடுத்தல்

ஐயம் தோன்றியதும் செய்ய வேண்டிய முதல் வேலை பழுதுபார்ப்பதன்று, பிரதி எடுப்பது. இக்கட்டுரையில் வேறெதை மறப்பினும் இதை மறத்தலாகாது என நிர்வாகிகளை வேண்டுகிறோம்.

இவ்வாறு வற்புறுத்தக் காரணம் உண்டு. நாம் அறிந்த நெசவாளர் சங்கம் ஒன்றில், தீபாவளி விற்பனைக்குச் சில வாரங்களுக்கு முன் கணிப்பொறி மிகவும் தாமதித்தது. அழைக்கப்பட்ட மெக்கானிக், விண்டோஸ் கெட்டுவிட்டது என எண்ணி, தட்டை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவினார். ஐந்து மாத நூல் வழங்கற் கணக்கும் கூலிக் கணக்கும் அதனோடு மறைந்தன. அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களையும் துணி ஒப்படைத்த சீட்டுகளையும் வாங்கி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கணக்கை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. சீட்டைத் தொலைத்துவிட்ட நெசவாளர் சிலருக்குத் தாம் நெய்து கொடுத்த துணியை மெய்ப்பிக்க வழியில்லாமற் போயிற்று. பண்டிகைக் காலத்தில் கூலி தாமதப்பட்டதோடு, சங்கத்தின் நேர்மையையே ஐயுறும் பேச்சும் எழுந்தது. புதிய தட்டைக் கடையில் வாங்கிவிடலாம்; இழந்த நம்பிக்கையை எங்கே வாங்குவது?

பிரதி எடுக்கும் முறையாவது: பெட்டி இன்னும் திறக்குமாயின், வெளியே இணைக்கும் வேறொரு தட்டில் மிக முக்கியமான கணக்குகளை முதலிலும், மற்றவற்றைப் பிறகும் படியெடுக்க வேண்டும். கணக்கு மென்பொருளின் செய்திகள் எந்த உறையில் இருக்கின்றன என்பதை முன்னரே குறித்து வைத்திருத்தல் நலம். திரையில் தோன்றும் சின்னத்தை மட்டும் பென் டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு, கணக்கு முழுவதும் வந்துவிட்டதாக நினைப்பவர் பலர். அச்சின்னம் வழிகாட்டிப் பலகையே அன்றி வீடு அன்று. எடுத்த பிரதியை வேறொரு கணிப்பொறியில் திறந்து, ரொக்க இருப்பும் ஐந்தொகையும் ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்த்த பின்னரே பிரதி எடுத்தாயிற்று எனக் கொள்ள வேண்டும்.

பெட்டி திறக்க மறுக்குமாயின், தட்டைக் கழற்றி, நல்ல கணிப்பொறி ஒன்றில் இரண்டாம் தட்டாக இணைத்துப் பிரதி எடுக்கலாம். பழுது மிகுதியாயின் டி.டி.ரெஸ்க்யூ போன்ற மென்பொருள் உதவும். அது நல்ல பகுதிகளை முதலில் விரைந்து எடுத்துக்கொண்டு, பழுதுற்ற இடங்களுக்குப் பின்னர்த் திரும்புகிறது. எடுத்தது எது, எஞ்சியது எது என்பதைக் குறித்தும் வைக்கிறது. இது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. தட்டின் மூடியைத் திறந்து பார்ப்பது எவர்க்கும் ஆகாது. ஒரு தூசித் துகளே அதை நாசமாக்கிவிடும்.

பிறகு சோதனை

பிரதி கைக்கு வந்தபின் தட்டைச் சோதிக்கலாம். ஒவ்வொரு தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. ஸ்மார்ட் என வழங்கும் இக்குறிப்பைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டும். அதில் 05 என்பது உதிரிக்கு மாற்றப்பட்ட கட்டங்களின் எண்ணிக்கை; சி5 என்பது படிக்க இயலாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை; சி6 என்பது திருத்தவே இயலாதவை. இவை பூஜ்யமாக இருத்தல் நன்று. நாளுக்கு நாள் ஏறுமாயின் தட்டு விடைபெறும் காலம் நெருங்கிவிட்டது. சி7 மட்டும் ஏறுமாயின், குற்றம் தட்டில் அன்றி அதை இணைக்கும் கேபிளில் இருத்தல் கூடும். அதை மாற்றினாலே போதும்.

ஆனால் குறிப்பு நன்றாக இருக்கிறதென்று அயர்ந்துவிடலாகாது. கூகுள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவின்படி, பரப்புச் சோதனையில் முதற்பிழை காட்டிய தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் கெடும் வாய்ப்பு, பிழை காட்டாததைப் போல் 39 மடங்காக இருந்தது. அதே ஆராய்ச்சியில், கெட்டுப்போன தட்டுகளிற் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு குறிப்புகளில் எவ்வித எச்சரிக்கையும் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்புக. வராவிடினும் பிரதி எடுக்க.

செக் டிஸ்க் என்னும் திருத்தும் கட்டளைபற்றியும் ஒரு சொல். பழுதுற்ற கட்டங்களைத் தேடுமாறு அதை ஏவினால், அது தட்டு முழுவதையும் மூலைமுடுக்கு விடாமல் படிக்கும். நலிந்த தட்டுக்கு அதுவே இறுதிச் சுமையாக முடியலாம். ஆதலின் பிரதி எடுக்கும் முன் அதனை ஏவலாகாது.

மாற்றலும் காத்தலும்

பழுதுற்ற தட்டைத் திருத்திப் பயன்படுத்த எண்ணுவது வீண். மாற்றிவிடுவதே முறை. சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. வகையை இட்டால் பெட்டி விரைவில் தொடங்கும். பழைய பெட்டியும் புதியது போல் உழைக்கும். ஆனால் எஸ்.எஸ்.டி.யும் கெடும், அதுவும் பல வேளைகளில் ஓசையோ தாமதமோ காட்டாமல் திடீரெனக் கெடும். பழைய தட்டைக் காயலான் கடைக்கு அனுப்புதல் தவறு. அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருக்கின்றன. பயனற்றதாக்கிய பின்னரே அதனைக் கழிக்க வேண்டும்.

வருமுன் காக்க வேண்டுவன சிலவே. அன்றாடக் கணக்கு முடிந்ததும் பிரதி எடுக்க வேண்டும். வெளித்தட்டுகள் இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவதும் நலம்; இணைத்தே வைத்தால் வைரஸ் அதையும் விடாது. ஒன்று சங்கக் கட்டடத்துக்கு வெளியே இருத்தல் வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்ததை நினைத்தால் இதன் அவசியம் விளங்கும். யூ.பி.எஸ். நன்னிலையில் இருக்க வேண்டும். மாத இறுதியில் ஐந்தொகையையும் சிக்கன நிதிப் பட்டியலையும் அச்சிட்டுக் கையொப்பத்துடன் கோப்பில் சேர்க்க வேண்டும்.

இவ்வேலை எவருடைய பொறுப்பு என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாகவே எழுதி வைத்தல் சிறப்பு. எல்லோருடைய வேலை என்று விடப்படுவது எவருடைய வேலையும் ஆவதில்லை. "ஓடுகிற பெட்டிக்குச் செலவு ஏன்?" என்று குழுவில் கேள்வி எழலாம். வெளித்தட்டின் விலையையும், ஐந்து மாதக் கணக்கை மீண்டும் எழுதும் உழைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடை தானே கிடைக்கும்.

அங்கத்தினர் தம் உழைப்பையும் சேமிப்பையும் சங்கத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அதற்குச் சாட்சி அக்கணக்கே. நாளைக் காலையில் பெட்டி வழக்கத்துக்கு மாறாகத் தாமதிக்குமாயின், காரியதரிசிகள் அதைப் பொறுமையுடன் பார்த்திராமல், அன்றே பிரதி எடுத்துவிட்டு மறுவேலை பார்ப்பார்களாக.