ஜெர்சியில் ஏன் 68? என்.எச்.எல்-லில் 24 சீசன் ஆடிய செக் ஐஸ் ஹாக்கி வீரர் யாகரின் கதை

ஐஸ் ஹாக்கியில் உலகின் பெரிய லீக், அமெரிக்கா, கனடா அணிகள் மோதும் என்.எச்.எல். அதன் வரலாற்றில் அதிக பாயின்ட்ஸ் எடுத்தவர் கனடாவின் வெய்ன் கிரெட்ஸ்கி. இரண்டாம் இடத்தில் இருப்பவர் ஒரு வெளிநாட்டுக்காரர்: செக் குடியரசின் யாரோமிர் யாகர். கோல் அடித்தாலும், அடிக்க உதவினாலும் ஒரு பாயின்ட். அப்படி 1,733 போட்டிகளில் 1,921 சேர்த்திருக்கிறார்.

ஒரே டிராஃப்ட், இரண்டு வழிகள்

என்.எச்.எல்-லில் இளம் வீரர்களை ஐ.பி.எல். மாதிரி ஏலம் எடுப்பதில்லை. 'டிராஃப்ட்' என்ற முறை இருக்கிறது. பொதுவாக, போன சீசனில் மோசமாக ஆடிய அணிகள்தான் முதலில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். எந்த ஊருக்குப் போவது என்பது வீரரின் கையில் இல்லை.

1990-ல் வான்கூவரில் நடந்த டிராஃப்டில் செக்கோஸ்லோவாக்கியா இளைஞர்கள் இருவர் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தார்கள். இரண்டாவதாகத் தேர்வான பீட்டர் நெட்வெட், 1989 ஜனவரியில் ஒரு ஜூனியர் தொடருக்காக கனடா போனவர். தொடர் முடிந்ததும் அணியோடு திரும்பாமல் தஞ்சம் கேட்டு அங்கேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு 17 வயது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இப்படி ஓடிப்போனால், மறுபடி வீட்டைப் பார்க்கவே முடியாமல் போகலாம்.

ஐந்தாவதாகத் தேர்வானவர் யாகர். 1989 நவம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்துவிட்டது. அதனால் யாருக்கும் தெரியாமல் ஓடிவரும் அவசியம் அவருக்கு இல்லை. முறைப்படி வந்து டிராஃப்ட் மேடை ஏறினார். இருவருக்கும் நடுவே வெறும் ஒன்றரை வருஷ இடைவெளிதான்!

சரி, 68 எதற்கு?

யாகரின் தாத்தா பெயரும் யாரோமிர்தான். விவசாயி. நிலத்தை அரசிடம் ஒப்படைக்க மறுத்ததால் சிறைக்குப் போனவர். அவர் இறந்தது 1968-ல். சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்ததும் அதே வருஷம்தான். அதை நினைவில் வைத்துத்தான் யாகர் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார். பள்ளி நாட்களில் அமெரிக்க அதிபர் ரீகனின் படத்தை நோட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு புரியும்.

வீட்டு ஞாபகம்

பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணியில் சேரும்போது வயது 18. இங்கிலீஷ் வராது. திறமை இருந்தும் முதல் சில மாதங்கள் பையன் வாடிப்போனான். அணி நிர்வாகம் அப்போது ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தது. 1990 டிசம்பரில் கால்கரி அணியிலிருந்து யிரி ஹர்டினா என்ற செக் வீரரை டிரேடில் வாங்கியது. வயது 30-ஐத் தாண்டிய சீனியர். தாய்மொழியில் பேச அணிக்குள் ஒரு ஆள் கிடைத்ததும் யாகரின் ஆட்டமே மாறியது. அந்த சீசனில் 27 கோல். 1991, 1992 என அடுத்தடுத்து இரண்டு ஸ்டான்லி கோப்பைகள். ஸ்பான்சர், சம்பளம் பற்றியெல்லாம் பேசும்போது இந்த மாதிரி சின்ன விஷயங்கள் விட்டுப்போகின்றன.

அதன்பிறகு அதிக பாயின்ட்ஸ் எடுத்தவருக்கான விருதை ஐந்து முறை வாங்கினார். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் செக் குடியரசுக்குத் தங்கம். 2001-ல் வாஷிங்டன், 2004-ல் நியூயார்க்.

ரஷ்யாவுக்குப் போனது ஏன் பேசப்படுகிறது?

2008-ல் என்.எச்.எல்-லை விட்டு ரஷ்யாவின் ஓம்ஸ்க் அணிக்குப் போனார் யாகர். மூன்று சீசன் அங்கேதான். அந்த வருஷம் அக்டோபரில் ஒரு போட்டியின்போது, அவருடன் சேர்ந்து ஆடிவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்த 19 வயது அலெக்ஸி செரெபனோவ் அப்படியே சரிந்து விழுந்தார். மைதானத்தில் இருந்த ஆம்புலன்ஸ் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தது. பையனைக் காப்பாற்ற முடியவில்லை. அவரையும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் டிராஃப்டில் எடுத்து வைத்திருந்தது.

புள்ளிவிவரக்காரர்கள் இந்த மூன்று வருஷத்தை வேறு மாதிரி பார்க்கிறார்கள். 2,000 பாயின்ட்ஸுக்கு யாகருக்குக் குறைந்தது வெறும் 79. அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் சுலபமாகத் தாண்டியிருப்பார். கிரெட்ஸ்கியைத் தவிர யாருமே தொடாத எண் அது.

கடைசியில் சொந்த ஊர்

2011-ல் திரும்பி வந்தவர் பழைய பிட்ஸ்பர்க்குக்குப் போகாமல் அதன் பரம எதிரி ஃபிலடெல்ஃபியாவில் சேர்ந்தார். பிட்ஸ்பர்க் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவர் பக்கைத் தொட்டாலே கூச்சல். அப்புறம் டல்லஸ், பாஸ்டன், நியூஜெர்சி, ஃபுளோரிடா, கால்கரி. மொத்தம் ஒன்பது அணிகள். 2018 ஜனவரியில், 22 போட்டிகளில் ஒரே ஒரு கோலோடு அந்தப் பயணம் முடிந்தது.

உடனே ஓய்வு என்றுதானே நினைப்போம்? அவர் நேராகப் போனது பிறந்த ஊரான கிளாட்னோவுக்கு. அந்த ஊர் கிளப்பின் உரிமையாளரே அப்போது அவர்தான். ஆனால் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்க்கிற முதலாளி இல்லை. 50 வயதைத் தாண்டியும் ஸ்கேட் கட்டி இறங்கினார். அவர் ஆடினால்தான் கூட்டமும் ஸ்பான்சரும் வரும் என்ற நிலை.

2024 பிப்ரவரி 18-ல் பிட்ஸ்பர்க் அவருடைய 68-ஐ இனி யாருக்கும் தருவதில்லை என அறிவித்து, ஜெர்சியை அரங்கின் கூரையில் ஏற்றியது. போட்டிக்கு முந்தைய பயிற்சியில் அப்போதைய வீரர்கள் எல்லோரும் 68 போட்ட ஜெர்சியோடு, யாகரின் பழைய நீள முடி மாதிரி விக் வைத்து வந்தார்கள். அவரும் அவர்களோடு ஸ்கேட் செய்தார். விழா முடிந்ததும், செக் லீக்கின் கடைசி இடங்களில் போராடிக்கொண்டிருந்த கிளாட்னோவுக்குத் திரும்பினார். அந்த சீசன் அங்கே அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை.