வருங்காலம் உரைத்தவர்

வருங்காலத்தை ஆய்ந்துரைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஆல்வின் டாஃப்ளர். 1928-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், கல்லூரியை விட்டபின் மனைவி ஹெய்டியுடன் கிளீவ்லாந்து நகரத் தொழிற்சாலைகளில் ஐந்தாண்டுகள் உடலுழைத்தார். பிற்காலத்தில் அவர் மேடைச் சொல்லுக்கு எடை தந்தது அவ்வுழைப்பே என்பது என் கருத்து. பின்னர்ப் பத்திரிகையாளரானார்.

1970-இல் வெளிவந்த ‘ஃப்யூச்சர் ஷாக்’ என்னும் நூலே அவரை உலகறியச் செய்தது. பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் பெயர்வோரைப் புதிய நாடோடிகள் என்று அதில் குறித்தார். தில்லிக் குடியிருப்பிலே அமர்ந்து அப்பகுதியைப் படித்தபோது, நம்மையன்றோ சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது!

பெரு நிறுவனங்களும் அவரை ஆலோசனைக்கு அழைத்தன. ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனத்தைத் தானாகவே பிரிந்துகொள்ளுமாறு அறிவுறுத்தினார்; நிர்வாகம் அவ்வாறு செய்யவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1984-இல், அரசு தொடுத்த வழக்கின் விளைவாக அது பிரிக்கப்பட்டது.